போகன்விலாத் தடி பிடிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

ஊரில் கிளுவங்கதியால் வெட்டி, மழைக்கு முன் வேலியில் ஊன்றிவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போனவர்கள் நாங்கள். அதே கை கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடிப் பல்கனியில், யோகட் கோப்பைக்குள் போகன்விலா என்கிற கடதாசிப்பூவின் தடி ஒன்றை வைத்து ஒரு நாளைக்கு மூன்று தரம் தண்ணீர் விடுகிறது. கதியால் பிடித்தது. கடதாசிப்பூ அழுகியது. நான் முதல் வருடம் வைத்த 22 தடிகளில் பிடித்தது மூன்று. அந்த மூன்றும் பல்கனி மூலையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய், நான் மறந்தே போனவை.

இந்தச் செடியிடம் ஒரு கள்ளம் இருக்கிறது. வேர் ஒன்றுகூட இல்லாமல் பச்சைப் பசேலென்று தளிர்க்கும். மொட்டைத் தடியாக நின்றுகொண்டே கீழே வேர் ஓட்டும். மேலே தெரிவதை வைத்து நாங்கள் செய்கிற ஒவ்வொரு வைத்தியமும் கீழே இருப்பதைக் கெடுக்கிறது. எனவே எந்த அறிகுறிக்கும் முதலில் தடியின் அடியை யோசியுங்கள், இலையைப் பிறகு பார்க்கலாம்.

சரியாக வைத்த தடி எப்படி இருக்கும்

ஒத்துப் பார்ப்பதற்காக மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். பென்சில் மொத்தத்துக்குக் குறையாத, பச்சை மாறிப் பழுப்பேறிய கொப்பு. பெருவிரல் மொத்தம் என்றாலும் நல்லதுதான். பூத்து முடிந்து கத்தரிக்கும்போது கீழே விழுகிறதே போதும், அதற்கென்று தனியாக வெட்டத் தேவையில்லை. கொழும்பில் அது பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சில் வரும். நீளம் 15 முதல் 20 சென்ரிமீற்றர், நாலைந்து கணு. அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டுங்கள், நுனியைத் தட்டையாக வெட்டுங்கள். இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றுங்கள். நிழல் வேண்டும், ஆனால் புத்தகம் வாசிக்கிற அளவுக்கு வெளிச்சமும் வேண்டும். வேர் வர ஆறு கிழமையும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம்.

வேர் ஹோர்மோன் பொடி கிடைத்தால் தொட்டு வையுங்கள். ஐ.பீ.ஏ. என்ற பெயரில் விவசாய மருந்துக் கடைகளில் கேட்கலாம். முற்றிய தடிக்கு 0.3 முதல் 0.8 சதவீதப் பொடி போதும். தேன் தடவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் தடவிப் பார்த்தேன். வந்தது எறும்பு.

அடி கறுத்து மெத்தென்று ஆகிறது

கொழும்பில் போகன்விலாத் தடிகள் பட்டுப்போவதற்கு முதற் காரணம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தடியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். பிடித்த தடியும், பிடிக்கப் போகிற தடியும் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். அழுகிய தடி சேற்றில் குத்திய ஈர்க்கு மாதிரித் தளதளவென்று ஆடும். வெளியே எடுத்தால் அடியில் இரண்டு அங்குலம் கறுப்பு, தோல் வழுவழுவென்று கழன்று வரும், பூச்சாடிக்குள் பழைய தண்ணீர் நின்ற வாசம் அடிக்கும்.

போகன்விலாவின் சொந்த இடம் தென் அமெரிக்கா. 1767இல் பிரெஞ்சுக் கடற்பயணம் ஒன்றில் போன தாவரவியலாளர் கொமர்சன் ரியோ டி ஜெனீரோப் பக்கம் இதைக் கண்டு, தங்கள் கப்பல்படைத் தலைவர் பூகன்வீலின் பெயரை அதற்கு வைத்தார். காய்ந்த பருவத்தைத் தாங்கிப் பழகிய செடி அது. கொழும்பிலோ வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. மே மாதத்துத் தென்மேல் பருவக்காற்றும், ஒக்டோபர், நவம்பர் மழையும் திறந்த பல்கனியில் வைத்த கோப்பையை ஒரு வாரத்துக்குள் கஞ்சியாக்கிவிடும். அதற்கு மேல் நாங்களும் ஊற்றினால் தடி என்ன செய்யும்?

தண்ணீரைக் குறைத்தால் மட்டும் போதாது. மண்ணையும் பார்க்க வேண்டும். முற்றத்து மண், செடிக்கடையில் பையில் வருகிற கறுத்த கலவை, மாட்டெரு எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். நான் போடுவது ஆற்று மணல் இரண்டு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு. உமிக்கரி கிடைத்தால் தும்புச்சோற்றில் பாதியை அதனால் மாற்றுவேன். கலவையை நனைத்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், கையை விரித்து விரலால் தட்டினால் உருண்டை உதிர வேண்டும். நீர் ஒழுகினாலும், உருண்டை புட்டு மாதிரி அப்படியே இருந்தாலும் மணல் போதாது. மணல் என்றதும் இரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் அள்ளிக்கொண்டு வர வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒரு பை ஆற்று மணல் கேட்டால் தருவார்கள்.

அழுகியதை மீட்கலாமா? மேல்பாதி இன்னும் பச்சையாக இருந்தால் மீட்கலாம். கறுப்பு முடிந்த இடத்திலிருந்து மேலும் இரண்டு சென்ரிமீற்றர் ஏற்றி வெட்டுங்கள். வெட்டு முகம் வெள்ளையும் பச்சையுமாகச் சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னும் ஏற்றுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். அரை நாள் நிழலில் போட்டு வெட்டு வாயைக் காயவிட்டு, புதுக் கலவையில் வையுங்கள். கறுவாத்தூள் தொட்டு வைத்தால் கெடுதல் இல்லை. மிச்சத்தில் மூன்று கணுக்கூட இல்லையென்றால் அந்தத் தடியை விட்டுவிடுங்கள்.

கோப்பைக்குக் கீழே தட்டு வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். அடியும் அழுகும், நுளம்பும் வரும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு ஆக ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2007இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம் என்பதைச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். என் பக்கத்துக் கதவு மாமிக்கு அந்தப் பாடம் ஒரு ரோசாச் சாடித் தட்டில் கிடைத்தது.

தளிர் வந்தது, பிறகு வாடி உதிர்ந்தது

தடி வைத்து இரண்டு மூன்று கிழமையில் கணுவில் சிவந்த முளை வரும். வீட்டில் எல்லோருக்கும் காட்டுவீர்கள். இன்னும் பத்து நாளில் நாலு இலை. அப்புறம் ஒரு மத்தியானம் அந்த இலைகள் வதங்கித் தொங்கும்.

நடந்தது இதுதான். முற்றிய தடிக்குள் மாப்பொருள் சேமிப்பு இருக்கிறது. வெளிச்சமும் சூடும் கண்டதும் அந்தக் கையிருப்பைச் செலவழித்து முளை விடுகிறது. கீழே வேர் வராததால் வரவு இல்லை. கையிருப்பு முடிகிறது, இலை வாடுகிறது. முதல் தளிரைப் பார்த்துத் தடி பிடித்துவிட்டது என்று நினைப்பது, முற்பணத்தைச் சம்பளம் என்று நினைப்பது மாதிரி.

இந்த நேரத்தில் மனிதர்கள் செய்கிற மூன்று காரியங்கள்: தண்ணீரைக் கூட்டுவது, பசளை போடுவது, வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது. மூன்றும் கொலை. மூன்றாவது மிக மோசம். வெட்டு வாயில் முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு உருண்டு வரும், பிறகு அந்தப் பக்கத்திலிருந்து நூல் மாதிரி வேர் நீளும். பிடுங்கி எடுத்தால் அந்த நூல் முறிந்து மணலுக்குள்ளேயே தங்கிவிடும். உங்கள் கையில் வேரில்லாத தடி இருக்கும், பிடிக்கவில்லை என்று எறிந்துவிடுவீர்கள். நான் அப்படி எறிந்த கோப்பையைக் கழுவும்போதுதான் மணலில் அறுந்த வேர்களைக் கண்டேன்.

செய்ய வேண்டியது: வாடிய இலையைக் கிள்ளிவிட்டு, தடியை நகத்தால் ஒரு சிறு இடத்தில் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, வைத்த இடத்திலேயே விடுங்கள். பல தடிகள் இரண்டாம் முறை தளிர்க்கும். அந்த இரண்டாம் தளிர் நின்று பிடித்தால் பெரும்பாலும் கீழே வேர் இருக்கிறது என்று அர்த்தம்.

பார்க்காமல் இருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு லீற்றர் சோடாப் போத்தலின் அடிப்பாதியை வெட்டி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, அதில் தடியை வையுங்கள். வெளியே பத்திரிகைத் தாள் சுற்றி றப்பர் பட்டி போடுங்கள். கிழமைக்கு ஒரு தரம் தாளை விலக்கினால் சுவரோடு ஒட்டி ஓடுகிற வேர் கண்ணுக்குத் தெரியும். முதலில் வெள்ளை, நாள் போகப் பழுப்பு. தாளை மறுபடி சுற்ற மறக்க வேண்டாம், வேருக்கு இருட்டுத்தான் பிடிக்கும்.

தடி பச்சையாகவே இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை

எட்டுக் கிழமைக்கு முன்னால் இது பிரச்சினையே இல்லை. அதற்குப் பிறகும் மொட்டையாகவே நின்றால், தலைகீழாக ஊன்றினீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஒரே நேரத்தில் இருபது தடி வெட்டினால் யாருக்கும் நடக்கும். போகன்விலாவின் முள் இலைக்கும் தண்டுக்கும் நடுவில், இலைக்கு மேல் பக்கமாக முளைப்பது. ஆகவே நேராக நிற்கிற தடியில் இலை உதிர்ந்த தழும்பு கீழேயும், முள் அதற்கு மேலேயும் இருக்கும். முள் கீழே, தழும்பு மேலே என்றால் தடி தலைகீழ். அடிக்குச் சரிவு வெட்டு, நுனிக்குத் தட்டை வெட்டு என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேராகத்தான் நிற்கிறது, சுரண்டினால் பச்சை என்றால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி மூன்று மாதம்வரை காத்திருங்கள்.

நுனியிலிருந்து சுருங்கிக் காய்கிறது

அழுகல் கீழிருந்து ஏறும். காய்ச்சல் மேலிருந்து இறங்கும். தோலில் நீளவாக்கில் சுருக்கம் விழுந்து, தடி பழைய வெண்டிக்காய் மாதிரி இருந்தால் தடி குடிப்பதைவிட இழப்பது அதிகம். கடற்காற்று நேரே அடிக்கிற மரைன் டிரைவ் பக்கப் பல்கனிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். காற்றில் தடி ஆட ஆட, வரப்பார்க்கிற வேரும் அறுபடும்.

காற்றுப் படாத மூலைக்கு மாற்றுங்கள். அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தலை மூடி கழற்றிய நிலையில் மேலே கவிழ்த்து வைக்கலாம். கவிழ்த்ததை வெயிலில் வைத்தால் உள்ளே தடி அவிந்துவிடும், நிழலில்தான் வைக்க வேண்டும். நுனி வெட்டில் மெழுகுதிரி ஒரு சொட்டு விட்டால் அந்த வழியாக ஈரம் போவது குறையும். தளிர் வந்து இலை விரிந்ததும் போத்தலை ஒரே நாளில் எடுக்காமல், பகலில் ஒரு மணி, இரண்டு மணி என்று பழக்கி எடுங்கள்.

மண் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தால் பயப்பட வேண்டாம். மேல் மண்ணைக் கிளறிவிட்டு, காற்றோட்டம் கொடுத்தால் போய்விடும். தளிர் இரவோடிரவாகக் காணாமல் போனால் அது நோய் அல்ல, நத்தை. நிலத்தோடு இருக்கிற வீடுகளில் மழைக்காலத்து ஆபிரிக்க நத்தை ஒன்று போதும், ஒரு வரிசையையே முடித்துவிடும். இரவு ரோர்ச் அடித்துப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. தளிரில் பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் வெண்மூட்டுப்பூச்சி. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

வேர் வந்தது, மாற்றி நட்டதும் செத்தது

இதுதான் மனதை மிகவும் நோகடிக்கிறது, மூன்று மாதம் காத்திருந்த பிறகு நடப்பதால்.

போகன்விலாவின் இளவேர் பச்சைச் சேமியா மாதிரி. வளையாது, முறியும். செவ்வந்தியையோ துளசியையோ பிடுங்கி நடுவது போல இதைக் கோப்பையிலிருந்து கவிழ்த்துத் தட்டி எடுத்தால், மணல் சரியும், மணலோடு வேரும் போகும். மணல் கலவைக்கு வேர் பிடிப்பது எளிது, கட்டியாக நிற்பது கஷ்டம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

இப்போது நான் செய்வது இப்படி. கோப்பை ஓட்டையில் வேர் தலைகாட்டி, மேலே ஆறேழு இலை முற்றும்வரை மாற்றுவதில்லை. மாற்றுகிற நாளுக்கு முதல் நாள் காலையில் தண்ணீர் விட்டால் மண் உருண்டை ஒட்டி நிற்கும். நடுவது பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு. கத்தரிக்கோலால் கோப்பையின் அடியை வட்டமாக வெட்டி எடுப்பேன், ஆனால் பக்கச் சுவரை அப்படியே விடுவேன். அந்த நிலையிலேயே புதுச் சாடிக் குழிக்குள் இறக்கி, சுற்றி மண் நிரப்பிய பிறகு சுவரை மேல்நோக்கிக் கிழித்து உருவுவேன். முடியாவிட்டால் சுவரை உள்ளேயே விட்டுவிட்டாலும் வேர் அடியால் இறங்கிவிடும், அடுத்த தரம் சாடி மாற்றும்போது எடுத்துக்கொள்ளலாம். பெருவிரலால் மண்ணை அமுக்குகிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதை அன்றைக்கு மட்டும் அடக்குங்கள், தண்ணீரே மண்ணை இறுக்கிவிடும்.

சாடி பெரிதாக இருக்கக் கூடாது. ஆறு அங்குலச் சாடி தாராளம். சின்ன வேருக்குப் பெரிய சாடி என்றால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி, திரும்பவும் முதல் அறிகுறிக்கே வந்துவிடுவோம். பத்து நாள் நிழல், பிறகு காலை வெயில், அதற்குப் பிறகுதான் முழு வெயில். இந்த இடைவெளியில் ஓரிரு இலை மஞ்சளாகி விழுவது வழக்கம், அதற்கு வைத்தியம் தேவையில்லை.

வளர்கிறது, பூ இல்லை

ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படவில்லை என்றால் இதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். எங்கள் பல்கனிச் செடி மூன்று வருடம் ஒழுங்காகப் பூத்து, பக்கத்துக் காணியில் கட்டடம் எழும்பியதும் நின்றுவிட்டது. மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் திரும்பப் பூத்தது.

வெயில் இருந்தும் பூக்காவிட்டால் யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் கொப்பு மதிலைத் தாண்டும், நிறம் வராது. சாடியில் வேர் நெருக்கமாக இருப்பது நல்லது. மண் நன்றாகக் காய்ந்து இலை இலேசாகத் தொய்கிறவரை தண்ணீரைத் தள்ளிப்போட்டு, பிறகு நிறைய ஊற்றுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொழும்பு மதில்களில் இது கொட்டிப் பூப்பதற்கும் அந்தக் காய்ச்சல்தான் காரணம். நாங்கள் பூ என்று சொல்கிற நிறத் தாள்கள் உண்மையில் பூவடியிலைகள். பூ அவற்றுக்கு நடுவில் வெள்ளையாகக் குழாய் மாதிரி இருக்கிற அந்தச் சின்னது.

தாய்ச்செடியின் நிறம் வரவில்லை

தடியில் வந்த செடி தாயின் நகல், நிறம் மாறக் கூடாது. மாறினால் தடி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பத்தரமுல்லைப் பக்கத்துச் செடிக்கடைகளில் ஒரே அடிமரத்தில் மூன்று நான்கு நிறத்தோடு நிற்பவை ஒட்டுச் செடிகள். ஒட்டுக்குக் கீழே வந்த கொப்பை வெட்டியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது அடிமரத்தின் நிறம், பெரும்பாலும் அந்தப் பழைய கத்தரிப்பூ ஊதா. மேரி பாமர் மாதிரி ஒரே கொப்பில் வெள்ளையும் ஊதாவும் கலந்து வருகிற ரகத்தில், ஒரு நிறம் மட்டும் பூத்த கொப்பை வெட்டினால் அந்த ஒரு நிறமே வரலாம். இரண்டும் கலந்து பூத்த கொப்பாகப் பார்த்து வெட்டுங்கள்.

சில ரகங்கள் என்ன செய்தாலும் பிடிக்கவில்லை

வெள்ளை, அடுக்குப்பூ, இலையில் வரி விழுந்த ரகங்கள் பொதுவாகவே பிடிவாதம். இவற்றுக்குத் தடியை விட்டுவிட்டுப் பதி வையுங்கள். நீளமான கொப்பை வளைத்துப் பக்கத்துச் சாடி மண்ணுக்குள் ஒரு கணுவைப் புதைத்து, மேலே கல் ஒன்றை வைப்பதுதான் எளிது. புதைக்கிற இடத்தில் தோலைக் கொஞ்சம் சீவிவிடுங்கள். வளையாத கொப்பென்றால் காற்றுப்பதி: ஒரு அங்குல அகலத்துக்குத் தோலை வளையமாக உரித்து, ஈரத் தும்புச்சோற்றைப் பொத்தி, பொலித்தீனால் இறுக்கிக் கட்ட வேண்டும். தாய்ச்செடி தண்ணீரும் சாப்பாடும் அனுப்பிக்கொண்டே இருப்பதால் கையிருப்பு தீருகிற கதையே இங்கே இல்லை. பொலித்தீனுக்குள் வேர் பழுப்பாகத் தெரிந்த பிறகு கீழே வெட்டி எடுக்கலாம். முள் குத்தினால் சிலருக்குத் தடிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாமே பிடித்துவிட்டது

இதுவும் ஒரு பிரச்சினைதான். போன வருடம் வைத்த 18இல் 14 பிடித்து, பல்கனியில் உடுப்புக் காயப்போட இடமில்லாமல் போனது. மாமிக்கு இரண்டு, கீழ்மாடிக்கு மூன்று, பாடசாலைக்கு நான்கு என்று கொடுக்கும்போதுதான் தெரிந்தது எது எந்த நிறம் என்று எனக்கே தெரியாதென்று. பூக்காதபோது எல்லாத் தடியும் ஒரே மாதிரி. மார்க்கர் பேனாவால் எழுதியவை வெயிலில் வெளிறிப்போயிருந்தன. மாமி செம்மஞ்சள் கேட்டார், அவருடைய மதிலில் இப்போது இரண்டும் ஊதாவாகப் பூத்து நிற்கின்றன. இந்த முறை தடி வெட்டும்போதே கோப்பையில் கடதாசி நாடா ஒட்டிப் பென்சிலால் எழுதுகிறேன், அது அழியவில்லை.